ஊசி குத்திய விரலும் மூன்று மாதக் கவலையும்

ஊசி குத்தினால் வலி ஒரு நிமிஷம். ரத்தம் எட்டிப் பார்ப்பது கடுகளவு. தையல் ஊசி குத்தாத கை எந்த வீட்டில் இருக்கிறது? கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போடும்போது குத்திக்கொண்டு, விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் குத்தியது ஆஸ்பத்திரி ஊசியாக இருந்து, அதில் வேறொருவர் ரத்தம் ஒட்டியிருந்தால்? அந்தக் கடுகளவு ரத்தத்தோடு குடும்பத்தின் தூக்கமும் போய்விடுகிறது.

எங்கள் கீரப்பாளையத்தில் காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போகிற பெண்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி லேபில் ரத்தம் எடுப்பவள், ஒருத்தி வார்டு ஆயா. இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைப்பவள். இவர்கள் எல்லோருக்குமே என்றாவது ஒரு நாள் ஊசி குத்தலாம். 'குத்தினால் என்ன செய்வாய்?' என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. மீதிப் பேருக்குத் தெரிகிறது, ஆனால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். இந்த வெட்கத்தைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

என் நாத்தனார் மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் பேர் வேண்டாம். போன ஐப்பசியில் ஒரு நாள், ராத்திரி டியூட்டியில், விடிகாலை நாலு மணிக்கு ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டாள். கூட இருந்த மூத்த நர்ஸ், "இதெல்லாம் சகஜம், டெட்டால் போட்டுத் துடைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாராம். இவளும் துடைத்துக்கொண்டு, டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லவும் பயம், ஏனென்றால் தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்குப் போன் பண்ணி, "அத்தை, ஒரு விஷயம் சொல்றேன், அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தாள். குரலே சரியில்லை. பதிமூன்று மணி நேரம் அந்தப் பெண் தனியாக அதைச் சுமந்திருக்கிறாள்!

ஆறரை மணிக்கெல்லாம் அரசு மருத்துவமனையில் இருந்தோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குக் குத்திச்சு?" என்பதுதான். நோயாளி யார், நீ யார் என்பதெல்லாம் அப்புறம். மணிதான் முதலில்.

ஏன் என்பதை அவர் விளக்கினார். கிருமி உள்ளே போனாலும் உடனே உடம்பு முழுக்கப் பரவிவிடுவதில்லை. நட்ட நாற்று வேர் பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகிற மாதிரி, அதற்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அது வேர் பிடிக்கும் முன்னே மருந்து உள்ளே போய்விட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை போட்டால் ரொம்ப நல்லது. எப்படிப் பார்த்தாலும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் அந்த மாத்திரையால் பிரயோஜனம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை, 28 நாள், ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். இப்போது நம் நாட்டில் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை. ராத்திரி இரண்டு மணிக்குக் குத்தினாலும் 'விடியட்டும், பார்க்கலாம்' என்று படுத்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பகல் உண்டா?

குத்தின உடனே செய்ய வேண்டியது ரொம்ப எளிது. குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவ்வளவுதான். விரலைப் பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. டெட்டால், ஸ்பிரிட், பிளீச்சிங் பவுடர் எதையும் அதன் மேல் ஊற்றக் கூடாது. அவை புண்ணை எரித்து இன்னும் ரணமாக்கும். கண்ணில் ரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். பிறகு பொறுப்பாளரிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன ஊசி என்ற மூன்றும் பதிவேட்டில் ஏறிவிட்டால் பின்னால் யாரும் 'இங்கே நடக்கவில்லை' என்று கைகழுவ முடியாது.

அப்படியானால் பயப்படுகிற அளவுக்கு அபாயம் இருக்கிறதா? இங்கேதான் நம் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

ஊசியில் இருந்தது ஹெச்.ஐ.வி. உள்ளவர் ரத்தம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், மாத்திரையே சாப்பிடாவிட்டாலும், குத்தினவர்களில் தொற்று வருவது ஆயிரத்தில் மூன்று பேருக்கு. மீதி 997 பேருக்கு வருவதில்லை. முறத்தில் ஒரு கைப்பிடி அரிசியைப் பரப்பிப் பாருங்கள். எண்ணினால் ஆயிரத்துக்குமேல் தேறும். அதில் மூன்று கல் இருந்தால் எப்படியோ அப்படி. ஆழமாகக் குத்தியிருந்தால், ஊசியில் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால், அது ரத்தக் குழாய்க்குள் போய் வந்த ஊசியாக இருந்தால், இந்த அளவு கூடும். அந்த நோயாளி ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, அவர் ரத்தத்தில் கிருமி அளவு காண முடியாதபடி குறைந்திருந்தால், அபாயமும் மிக மிகக் குறைந்துவிடும். நோயாளி யாரென்றே தெரியாவிட்டால்? நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஹெச்.ஐ.வி. இருப்பது ஏறக்குறைய ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கு. அந்த இரண்டு பேரில் ஒருவர் ரத்தமாக இருந்து, அதிலும் ஆயிரத்தில் மூன்று என்றால், நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை, இத்தனை வருஷத்தில், வேலை செய்த இடத்தில் தொற்றியதாக உறுதி செய்யப்பட்ட மருத்துவப் பணியாளர்கள் மொத்தமே 58 பேர். அதிலும் 1999-க்குப் பிறகு ஒரே ஒருவர். அவரும் ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1997-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஜிடோவுடின் என்ற ஒரே ஒரு பழைய மருந்தைச் சாப்பிட்ட பணியாளர்களுக்கே தொற்றும் வாய்ப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. இன்றைக்கு மூன்று மருந்து.

இதற்கு நேர்மாறாக, யாரும் பயப்படாத ஒரு வியாதி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி என்கிற மஞ்சள் காமாலைக் கிருமி. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு, அந்தக் கிருமியுள்ள ஊசி குத்தினால், நூறில் முப்பது பேர் வரைக்கும் தொற்றக்கூடும்! இதற்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேருகிற பெண் இதைப் போட்டுக்கொண்டாளா என்று அவள் அம்மா கேட்டு வைப்பது, வரன் ஜாதகம் பார்ப்பதைவிட அவசியம் என்பேன். போடாமல் இருந்து குத்திவிட்டால், அன்றைக்கே டாக்டரிடம் சொன்னால் அதற்கும் வழி உண்டு. என் நாத்தனார் மகள் நர்சிங் படிக்கும்போதே மூன்றும் போட்டிருந்தாள். 'அந்தக் கவலை விட்டது' என்று டாக்டர் சொன்னபோது, அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவள் மனசெல்லாம் அந்த இன்னொரு மூன்றெழுத்தில் இருந்தது.

எதனால் அந்தப் பேருக்கு இவ்வளவு பயம்? நம் தமிழ்நாட்டில் அந்தக் கதை ஆரம்பித்த விதத்திலேயே கொஞ்சம் விடை இருக்கிறது.

1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. 32 வயது, இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தாய், கிராமத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர். 'எய்ட்ஸ் நம் ஊரில் இருக்கிறதா என்று தேடிப் பாரேன்' என்று ஆய்வுக்குத் தலைப்பைக் கொடுத்தவர் அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். அது மேல்நாட்டு வியாதி, நம் நாட்டுக்கு வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கே முதலில் தயக்கம். கணவர் வீரப்பன் ராமமூர்த்திதான் தைரியம் சொல்லி, ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைப் பிடித்து வைத்திருந்த விடுதியில் ரத்தம் எடுத்தார்கள். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேல் ரத்த மாதிரிகள். எடுத்ததை வைக்க வேறு இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்தாராம். நம் வீட்டில் இட்லி மாவு வைக்கிற இடத்தில்!

1986 பிப்ரவரியில் அதை எடுத்துக்கொண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். சோதித்ததில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. திரும்ப ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கேயும் உறுதியானது. அப்போதைய சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான், நம் சென்னையில், இரண்டு பெண்களால்.

இதில் இரண்டு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. அந்த நாளில் நிர்மலா கையில் ஊசி குத்தியிருந்தால் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரைகூட உலகத்தில் இல்லை. முதல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதே 1987-ல்தான். அப்படியும் அவர் அந்த வேலையை முடித்து, பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, 2010-ல்தான் ஓய்வு பெற்றார். இரண்டாவது, ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களிடம் எதற்காக எடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாளே இந்த வியாதியின் மேல் 'கெட்ட நடத்தை' என்ற முத்திரை விழுந்துவிட்டது. 2000-க்குப் பிறகு சுவருக்குச் சுவர், பஸ்ஸுக்குப் பஸ் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? விழிப்புணர்வு வந்தது வாஸ்தவம்தான். ஆனால் நம் மனசில், இது புள்ளிராஜாக்களுக்கு வருகிற வியாதி என்றும் பதிந்துபோனது. அதனால்தான் ராத்திரி முழுக்கக் கண் விழித்து நோயாளியைக் கவனித்த பெண், ஊசி குத்தியதைச் சொல்லத் தயங்கித் திருடி மாதிரி ஒளிகிறாள்.

அந்த சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கி, மற்ற ஆஸ்பத்திரிகள் தொடவே பயந்த நோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை பண்ணினார். 2015 ஜூலையில் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

சரி, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இனிமேல்தான் பெரிய சோதனை: காத்திருப்பது.

முதல் நாளே ரத்தம் எடுத்துப் பார்த்து, 'ஹெச்.ஐ.வி. இல்லை' என்று சொல்வார்கள். அதை நம்பி, 'அப்பாடா, தப்பித்தோம்' என்று இருக்க முடியாது. ஊசி குத்துவதற்கு முன்னே உடம்பில் இருந்ததா என்பதைத்தான் அது காட்டும். பெரும்பாலான சோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியைப் பார்த்து நம் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகின்றன. திருடன் வந்தானா என்று பார்க்காமல், நாய் குரைத்ததா என்று கேட்கிற மாதிரி. நாய் குரைக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆகவே ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், கடைசியாக ஆறாவது மாதம் என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு போட்டிருப்பார்களே, அங்கே இந்தச் சோதனை இலவசம். பேசி விளக்கவும் ஒரு ஆலோசகர் இருப்பார். எங்களுக்கு வாய்த்த அம்மாள் ரொம்ப நிதானமானவர். இவள் ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டாள். ஏழு தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

அந்த வாரங்களில் அவள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மாதிரி நிலைமையில் இருக்கிற எல்லோரும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறார்கள் என்று அந்த ஆலோசகரே சொன்னார். தொண்டையில் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்ப்பாள். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவி, தடவின இடமே வலிக்கும். தெர்மாமீட்டரை இடுப்பில் செருகாத குறை. கார்த்திகை மாதக் குளிருக்கு ஊரே தும்மும்போது, இவள் தும்மினால் மட்டும் அதற்கு வேறு அர்த்தம். ராத்திரி செல்போனில் தேடித் தேடிப் படித்து, விடிந்ததும் புதுசாக ஒரு வியாதியோடு எழுந்திருப்பாள். தொற்று ஏற்பட்டவர்களில் பலருக்கு இரண்டு முதல் நாலு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வருவது உண்டுதான். ஆனால் அதே காய்ச்சலும் தொண்டை வலியும் நூறு காரணத்தால் வரும். அறிகுறியைப் பார்த்து இந்த வியாதியைக் கண்டுபிடிக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. ரத்தம்தான் சொல்ல வேண்டும். அதுவும் அதற்கு உரிய நாளில்தான் சொல்லும். இது மண்டையில் ஏற அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

மாத்திரையும் தன் பங்குக்குப் படுத்தியது. முதல் வாரம் குமட்டல், தலைவலி, தூக்கம் வராமை. சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போடச் சொன்னேன். ரசம் சாதம், இட்லி, மோர் என்று வயிற்றுக்கு இதமானதையே கொடுத்தோம். பத்து நாளில் குமட்டல் அடங்கிவிட்டது. தூக்கம் கெடுகிறது என்றால் மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம், அவளுக்கு மாற்றினார்கள். பெண்களுக்கு முக்கியமான ஒன்று: இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து இவையெல்லாம் டோலுடெக்ராவிர் உடம்பில் சேருவதைத் தடுக்கும். இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லி, எதை எந்த வேளைக்குப் போடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கிறவர்களும் முதல் நாளே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மனசுக்கு என்ன மருந்து? நான் படித்தது பத்தாவதோடு சரி. மனோதத்துவம் எனக்குத் தெரியாது. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சோதனைக்குப் போக வேண்டிய தேதிகளைத் தினசரி காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டோம். 'அந்தத் தேதி வரைக்கும் இது டாக்டர் கவலை, உன் கவலை இல்லை' என்று சொன்னேன். நடுநடுவே தனியார் லேபுக்கு ஓடிப் பணத்தைக் கொட்டக் கூடாது என்று பேச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் செல்போன் என்னிடம். தினம் சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் இந்த விஷயத்தைப் பேசலாம். எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், திட்டலாம். அரை மணி முடிந்தால் எழுந்து பூ கட்ட வேண்டும், இல்லையென்றால் முருங்கைக்கீரை ஆய வேண்டும். 'பயப்படாதே, பயப்படாதே' என்று மட்டும் நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் பயம் போய்விடுமா என்ன? கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வேலையை விடவும் விடவில்லை. ஊசி குத்தினவர் வேலையிலிருந்து ஒதுங்க வேண்டியதில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒரே தட்டில் சாப்பிடுவது, குழந்தையைத் தூக்குவது, ஒரே பாத்ரூம் எதிலும் தடையில்லை. சோதனைகள் முடியும் வரை ரத்த தானம் கூடாது. கல்யாணமானவர்கள் ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது. இவ்வளவுதான் கட்டுப்பாடு. இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால், வீட்டு வைத்தியம் போதாது. மனநல டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். போனில் பேசவும் வழி இருக்கிறது. 14416 என்ற எண்ணில் மனக்கவலைக்கும், 1097 என்ற எண்ணில் ஹெச்.ஐ.வி. சந்தேகங்களுக்கும் காசில்லாமல் பதில் சொல்கிறார்கள். யாரென்று பேர் சொல்லத் தேவையில்லை.

கல்யாண விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. மூடி மறைத்துவிட வேண்டும் என்று நாத்தனார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு வார்த்தை போனால் அவ்வளவுதான் என்று அழுகை. அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் 'சோதனை பண்ணினாளாம்' என்ற பேச்சே போதும், முடிவு என்னவென்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க அம்மாவுக்குச் சொல்ல வேணாம் அத்தை, அவருக்கு நான் சொல்லணும்" என்று அவளே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அந்தப் பையன் இரண்டு நாள் பேசவில்லை. எங்களுக்கு உயிரே இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "அடுத்த டெஸ்ட் எப்போ? நானும் லீவு போட்டுட்டு வரேன்" என்றாராம். கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப் போனது. பெரியவர்களுக்கு வேறு ஏதோ காரணம் சொன்னார்கள். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. சொல்ல வேண்டிய ஒருவருக்குச் சொல்லிவிட்டாள், அது போதும் என்று இருந்துவிட்டேன். ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் மூன்று சோதனையிலும் ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் இப்படித் தோள் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. அந்த ரத்தத்தைத் தானம் கொடுத்தவர் 19 வயதுப் பையன். தனக்கு இந்தத் தொற்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்தபோதுதான் தெரிந்தது. தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. தானே போய் ரத்த வங்கியில் 'என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்' என்று சொன்னான். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். ஊரெல்லாம் பேச்சான பிறகு, அந்தப் பையன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அந்தத் தாய்க்கு 2019 ஜனவரியில் மதுரையில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குத் தொடர்ந்து மருந்து கொடுத்ததால் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னால் சோதனையில் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள்! கிருமியோடு போராடிய குழந்தை பிழைத்தது. தினம் ஒரு மாத்திரையில் வயசு முழுக்க வாழ்ந்திருக்க வேண்டிய பையன் அவமானத்தில் போய்விட்டான்.

சட்டம் இப்போது நம் பக்கம் இருக்கிறது. 2017-ல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் ஊழியர்களுக்குக் கையுறை முதலான பாதுகாப்பும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் அவர்கள் பொறுப்பு. சம்மதம் இல்லாமல் யாருக்கும் ஹெச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. நோயாளியானாலும் சரி, நர்ஸானாலும் சரி. முடிவை வெளியே சொல்லக் கூடாது. அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். என் நாத்தனார் மகள் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறாள். சேரும்போதே, "ஊசி குத்தினா யார்கிட்ட சொல்லணும், மாத்திரை எங்க இருக்கு?" என்று கேட்டாளாம். ஊசிக்குத் திரும்ப மூடி போடுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டாள். பயன்படுத்தின ஊசியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற, குத்தினால் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் அப்படியே போட்டுவிட வேண்டும் என்பதுதான் விதி.

ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் வீடு? சர்க்கரை வியாதி இல்லாத குடும்பம் இன்று அபூர்வம். இன்சுலின் போட்டுவிட்டு அந்த ஊசியை எங்கே போடுகிறோம்? பால் கவரில் சுற்றிக் குப்பைக் கூடையில். மறுநாள் காலையில் பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர் வந்து, மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கையை விட்டுப் பிரிக்கிறார். பல பேர் கையில் உறைகூட இருப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் குத்தினால், குத்தியது யார் ஊசி, அவருக்கு என்ன வியாதி என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. வெளியே கிடந்து ரத்தம் காய்ந்துபோன ஊசியில் ஹெச்.ஐ.வி. வெகு நேரம் தாக்குப்பிடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமி காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும்.

நான் செய்வது இது. துணி துவைக்கிற லிக்விட் வருகிறதே, அந்த மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மூடியோடு எடுத்து வைத்திருக்கிறேன். மேலே 'ஊசி – தொடாதே' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் ஊசி போட்டதும் நேராக அதற்குள் போய்விடும். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் சுற்றி, அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது ஆஸ்பத்திரியில் கேட்டு, அவர்கள் ஊசிகளைச் சேர்க்கிற இடத்தில் கொடுத்துவிட்டு வருகிறேன். தெருவில் குப்பை எடுக்க வருகிற அம்மாவிடமும், எங்கள் வீட்டுக் குப்பையில் ஊசி இருக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். "மத்த வீட்டுலயும் சொல்லுங்கக்கா" என்றாள். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.